கழுகின் வாலில் எத்தனை இறகுகள்?

'மின்னுவதெல்லாம் பொன்னல்ல' என்று சிறு வயது முதல் படித்து வருகிறோம். மின்ன வைப்பதெல்லாம் நன்மையுமல்ல என்பதைச் சென்ற ஆண்டு பள்ளிக் கண்காட்சியின்போதுதான் கற்றுக்கொண்டோம்.

எங்களுள் ஒருத்தியின் தாத்தா கப்பலில் வேலை பார்த்தவர். அவர் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த வெள்ளி டாலர் ஒன்றைப் பாட்டி நகைப் பெட்டியில் வைத்திருந்தார்கள். கண்காட்சிக்கென்று அதைக் கேட்டு வாங்கினோம். கறுத்துப் போயிருந்த காசைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, பளபளவென்று மேசைமேல் வைத்தோம். பார்க்க வந்தவர்களில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் இருந்தார். நாணயங்கள் சேர்ப்பது அவருக்குப் பொழுதுபோக்கு. பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துக் காசை வெகுநேரம் பார்த்தார். "கழுகின் வாலில் எத்தனை இறகு என்று எண்ணினீர்களா?" என்று கேட்டார். பிறகு மெதுவாக, "யாரம்மா இதைத் தேய்த்தது?" என்றார். அந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

அந்தக் காசின் பெயர் மார்கன் டாலர். இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்க நாணயச்சாலையில் பணிபுரிந்த ஜார்ஜ் மார்கன் என்பவர் அதை வடிவமைத்தார். பழைய மார்கன் டாலர்கள் 1878 முதல் 1904 வரையிலும், மீண்டும் 1921-லும் அச்சிடப்பட்டவை. எடை 26.73 கிராம். குறுக்களவு 38.1 மில்லிமீட்டர். பத்தில் ஒன்பது பங்கு வெள்ளி, ஒரு பங்கு செம்பு. ஒரு பக்கம் சுதந்திர தேவியின் முகம். மறுபக்கம் சிறகு விரித்த கழுகு. முகத்துக்கு மாதிரியாக அமர்ந்தவர் பிலடெல்பியா நகரத்துப் பள்ளி ஆசிரியை அன்னா வில்லியம்ஸ் என்பது மாணவியராகிய நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி!

தோழியரே, கிறிஸ்துமஸுக்கு வீட்டில் அச்சு முறுக்கு சுடுவதைப் பார்த்திருப்பீர்கள். அச்சில் ஓர் இதழ் வளைந்திருந்தால், அன்று சுட்ட முறுக்கு அத்தனையிலும் அந்த இதழ் வளைந்தே இருக்கும். நாணயமும் அப்படித்தான். இரண்டு எஃகு அச்சுகளுக்கிடையே வெள்ளி வில்லையை வைத்து ஓங்கி அழுத்துவார்கள். ஓர் அச்சு பல்லாயிரம் காசுகளை அடிக்கும். அந்த அச்சில் உள்ள குறை அத்தனை காசுகளிலும் பதியும். இதையே அச்சு வேறுபாடு என்கிறார்கள். காசு வெளிவந்த பிறகு கீழே விழுந்து பட்ட கீறல் வேறுபாடு ஆகாது. அது வெறும் காயம்.

அச்சுகள் ஒன்றுக்கொன்று ஏன் வேறுபட்டன? அக்காலத்தில் மூல உருவத்தை எஃகில் ஒரே அழுத்தில் பதிக்க முடியாது. பலமுறை அழுத்த வேண்டும். இரண்டாம் முறை சற்றே நகர்ந்தால் உருவம் இரட்டையாகிவிடும். ஆண்டையும், எந்த ஊர் நாணயச்சாலை என்பதைக் காட்டும் எழுத்தையும் ஒவ்வோர் அச்சிலும் தனித்தனியே கையால் அடித்துப் பதித்தார்கள். மனிதர் கை பட்ட இடத்தில் மாறுதல் இல்லாமல் போகுமா?

சில உதாரணங்களைக் காண்போம். 1878-ல் முதலில் வந்த காசுகளில் கழுகுக்கு எட்டு வால் இறகுகள். பின்னர் அதை ஏழாக மாற்றினார்கள். எட்டு இறகு அச்சுகள் சிலவற்றை வீணாக்காமல் அவற்றின்மேலேயே ஏழு இறகு உருவத்தை அழுத்தினார்கள். அக்காசுகளில் ஏழு இறகுகளுக்கு அடியில் பழைய இறகுகளின் நுனிகள் எட்டிப் பார்க்கும். 1880-ஆம் ஆண்டுக் காசுகள் சிலவற்றில் எண்களுக்கு உள்ளே 1879-இன் சுவடு தெரியும். கார்சன் சிட்டி நாணயச்சாலையில் 1893-க்குப் பிறகு காசு அடிக்கவில்லை. அங்கே மிஞ்சிய அச்சுகளில் இருந்த இரட்டை 'சி' எழுத்தின்மேல் 'ஓ' என்று அடித்து, 1900-ல் நியூ ஆர்லியன்ஸ் நகரில் பயன்படுத்தினார்கள். 'ஓ'வுக்குப் பின்னால் 'சி' இன்றும் தெரிகிறது. 1888-ல் அதே நகரில் அடித்த ஒரு வகையில் தேவியின் உதடும் மூக்கும் மோவாயும் இரண்டிரண்டாக இருக்கும்!

இவற்றையெல்லாம் லீராய் வான் ஆலன், ஜார்ஜ் மாலிஸ் என்ற இருவர் ஆராய்ந்து, 1970-களில் எண் கொடுத்துப் பட்டியலிட்டார்கள். அவர்கள் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'வாம் எண்' என்று அதை அழைக்கிறார்கள்.

காசைப் பார்க்கும் முறை இது. விளிம்பை மட்டும் பிடிக்க வேண்டும். முதலில் எடை போட வேண்டும். காந்தம் ஒட்டினால் அது வெள்ளிக்காசு அல்ல. அடுத்து ஆண்டையும், மறுபக்கத்தில் மாலைக்கு அடியில் உள்ள எழுத்தையும் படிக்க வேண்டும். பிலடெல்பியாக் காசில் எழுத்து இராது. பிறகு விளக்கைப் பக்கவாட்டில் வைத்துப் பூதக்கண்ணாடியால் எண்களையும் இறகுகளையும் பார்க்க வேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கை. அடிக்கும்போது அச்சு அதிர்ந்தாலும் இரட்டைக் கோடு விழும். அது படிக்கட்டுப்போல் தட்டையாக இருக்கும், அதற்கு மதிப்பில்லை. உண்மையான இரட்டை அச்சில் இரண்டு உருவமும் திரண்டு, நுனியில் பிளவுபட்டுத் தெரியும்.

சரி, விலை எப்படி? எந்தப் பழைய மார்கன் டாலரிலும் சுமார் 24 கிராம் சுத்த வெள்ளி உண்டு. அதன் விலை அடித்தளம். அதற்குமேல் மூன்றைப் பார்ப்பார்கள். எத்தனை மிஞ்சியுள்ளன? 1918-ஆம் ஆண்டுச் சட்டத்தால் 27 கோடி வெள்ளி டாலர்கள் உருக்கப்பட்டன. ஆகவே அடித்த கணக்கு மட்டும் போதாது. எத்தனை பேர் தேடுகிறார்கள்? பட்டியலில் வேறுபாடுகள் ஆயிரக்கணக்கில் உண்டு. வாங்க ஆள் இல்லாத வேறுபாடு அபூர்வமாயினும் விலை போகாது. கடைசியாக, காசின் நிலை என்ன? அதற்கு 1 முதல் 70 வரை மதிப்பெண் உண்டு, நம் தேர்வைப்போல.

எங்கள் காசு தோற்றது அந்தத் தேர்வில்தான். அது 1878-ஆம் ஆண்டுக் காசு. ஏழு இறகுகளுக்கு அடியில் நுனிகள் தெரிந்தன! காற்றிலுள்ள கந்தகம் பட்டுப் படிந்த கறுப்பு, வெள்ளியின் வயதுக்குச் சான்று. நாங்கள் தேய்த்ததில் அது போய்விட்டது. சாம்பல் மேல்பரப்பைக் கீறியது. போன மேனி திரும்பாது. இறகு நுனிகள் தப்பின, விலை தப்பவில்லை.

தலை குனிந்தபடி பாட்டியிடம் சென்று நடந்ததைச் சொன்னோம். பாட்டி காசை உள்ளங்கையில் வைத்துச் சற்றுப் பார்த்தார்கள். "தாத்தா கொண்டுவந்தது கொண்டுவந்ததுதான். ஆனாலும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தேய்த்திருக்கலாமே, பிள்ளைகளா" என்றார்கள். எங்களுக்குப் பதில் வரவில்லை.

தோழியரே, உங்கள் வீட்டுப் பெட்டியிலும் பழங்காசு இருக்கலாம். தேய்க்காதீர்கள். முதலில் பாருங்கள், எண்ணுங்கள், பெரியவர்களைக் கேளுங்கள். நாங்கள் இப்போது எந்தக் காசைக் கண்டாலும் முதலில் கையைக் கட்டிக்கொண்டுதான் பார்க்கிறோம்!