சறுக்கியது எங்கே?

யானைக்கும் அடி சறுக்கும் என்று நம் பாட்டிமார் சொல்வதுண்டு. பெரியவர்களும் ஒரு நாள் தோற்பார்கள் என்று ஆறுதல் கூறிவிட்டு அந்தப் பழமொழி அதோடு நின்று விடுகிறது. சறுக்கியதற்குக் காரணம் தரையின் ஈரமா, காலில் உள்ள கோளாறா, எழுந்த யானை மறுபடியும் அதே இடத்தில் சறுக்குமா என்றெல்லாம் அது கவலைப்படுவதில்லை. நாங்கள் கவலைப்படப் போவது அதைப் பற்றித்தான். நாங்கள் எடுத்துக்கொண்டது நம் சென்னை நகரத்தின் செல்வரான விசுவநாதன் ஆனந்த், 2013-ஆம் ஆண்டில் உலகச் சதுரங்கப் பட்டத்தை இழந்த கதை.

அந்தப் போட்டி நடந்தபோது நாங்கள் மூன்று வயதுக் குழந்தைகள். எங்கள் அசோக் நகரிலிருந்து சில மைல் தொலைவில், அண்ணா சாலையில் உள்ள ஹயாத் ரீஜென்சி ஓட்டலில், நவம்பர் 9-ஆம் தேதி முதல் 22-ஆம் தேதி வரை அது நடைபெற்றது. தமிழக அரசு 29 கோடி ரூபாய் ஒதுக்கி நடத்திய போட்டி. கண்ணாடிக்குப் பின்னால் இருவரும் அமர்ந்து ஆட, வெளியே மக்கள் மூச்சடக்கிப் பார்த்தார்கள். 43 வயது ஆனந்தை எதிர்த்து ஆடியவர் நார்வே நாட்டு மாக்னஸ் கார்ல்சன்; வயது 22. பன்னிரண்டு ஆட்டங்கள் என்று திட்டமிட்டிருந்தார்கள். பத்தாவது ஆட்டத்திலேயே எல்லாம் முடிந்தது. கார்ல்சனுக்கு ஆறரைப் புள்ளி, ஆனந்துக்கு மூன்றரை. சொந்த ஊரில், ஓர் ஆட்டத்தில்கூட வெல்லாமல் நம் சாம்பியன் பட்டத்தை இழந்தார்.

தரவரிசைப் புள்ளிகளில் கார்ல்சன்தான் மிகவும் முன்னால் இருந்தார் என்பது உண்மை. ஆயினும் ஊரார் அதை எண்ணிப் பார்க்கவில்லை. 2007-இல் மெக்சிகோ நகரில் பட்டம் வென்று, 2008-இல் கிராம்னிக்கையும், 2010-இல் டோபலோவையும், 2012-இல் கெல்ஃபாண்டையும் வரிசையாகத் தோற்கடித்தவர், நம் மண்ணிலா தோற்பார் என்பதே பலருடைய நினைப்பு. தோற்றதும் அதே வேகத்தில் மற்றொரு தீர்ப்பு எழுந்தது: வயதாகிவிட்டது, உறுதி போய்விட்டது, இனி ஓய்வு பெறலாம். ஒரு தோல்வியை வைத்து ஒருவரின் முழு ஆற்றலுக்கும் மதிப்பெண் போடுவது சரியா? எங்கள் வகுப்பில் இதைப் பற்றி இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடினோம். பிறகு, வாதாடுவதை விட்டுவிட்டு ஆட்டங்களையே எடுத்துப் பார்ப்பது என்று தீர்மானித்தோம்.

கணக்கு விடைத்தாளில் தவறுகள் இரண்டு வகை என்று எங்கள் கணக்கு சிஸ்டர் சொல்வார். ஆறை ஒன்பதாகப் பார்த்து எழுதுவது ஒன்று. சூத்திரமே தெரியாமல் எழுதுவது மற்றொன்று. இரண்டுக்கும் ஒரே அளவு மதிப்பெண்தான் போகும். ஆனால் அடுத்த தேர்வில் எந்தத் தவறு மீண்டும் தலைகாட்டும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். ஆனந்தின் தவறுகளையும் அவ்வாறே பிரித்துப் பார்க்க வேண்டும் அன்றோ?

முதல் நான்கு ஆட்டங்களும் சமமாக முடிந்தன. மூன்றாவது ஆட்டத்தில் கார்ல்சன்தான் சிரமப்பட்டார். ஆனந்த் அதைப் பயன்படுத்திக் கொள்ளவில்லை. ஐந்தாவது ஆட்டம் நவம்பர் 15-ஆம் தேதி. ராணிகள் போய், காய்கள் பெரும்பாலும் குறைந்து, இரு பக்கமும் ஏறக்குறைய சமமாக நின்ற நிலை. வேறு இருவர் ஆடியிருந்தால் கைகுலுக்கிவிட்டுச் சாப்பிடப் போயிருப்பார்கள். கார்ல்சன் போகவில்லை. சின்னச் சின்ன நகர்த்தல்களாக ஆடிக்கொண்டே இருந்தார். 45-ஆம் நகர்த்தலில் ஆனந்த் தம் யானையைக் கொண்டு தவறான கட்டத்திலிருந்து ராஜாவுக்கு ‘செக்’ வைத்தார். அதே யானையை வேறொரு கட்டத்திலிருந்து செலுத்தியிருந்தால் ஆட்டம் சமமாக முடிந்திருக்கும். 58-ஆம் நகர்த்தலோடு தோல்வி.

இடையில் ஓய்வு நாள் இல்லை. மறுநாளே ஆறாவது ஆட்டம். மீண்டும் சமநிலை, மீண்டும் நெடுநேரம், மீண்டும் யானைகளும் சிப்பாய்களும் மட்டுமே மிஞ்சிய முடிவாட்டம். 60-ஆம் நகர்த்தலில் ஆனந்தின் யானை போகக் கூடாத இடத்துக்குப் போயிற்று. 67-இல் தோல்வி. பழமொழி சொன்ன நம் பாட்டிமாருக்கு இது தெரிந்தால் சிரிப்பார்கள்: இரண்டு நாளும் உண்மையாகவே சறுக்கியது யானையின் அடிதான்!

இந்த இரண்டு ஆட்டங்களில்தான் விஷயம் இருக்கிறது. ஆனந்தின் பெரிய பலங்களில் ஒன்று ஆரம்ப ஆட்டத் தயாரிப்பு. மாதக்கணக்கில் உதவியாளர்களுடனும் கணினியுடனும் உழைத்து, எதிரி எதிர்பாராத புதுமையை முதல் இருபது நகர்த்தல்களுக்குள் கொண்டுவருவார். டோபலோவையும் கிராம்னிக்கையும் வெல்ல அது மிகவும் உதவியது. கார்ல்சன் அந்தப் போரையே தவிர்த்துவிட்டார். ஆரம்பத்தில் எனக்கு ஒரு லாபமும் வேண்டாம், ஆடக்கூடிய ஒரு சாதாரண நிலை கிடைத்தால் போதும். நான்கு மணி, ஐந்து மணி நேரம் கழித்துப் பார்த்துக்கொள்வோம் என்பது அவர் முறை. வீட்டுப்பாடம் நன்றாகச் செய்துவரும் மாணவியிடம் வீட்டுப்பாடத்தைக் கேட்காமல், மாலைவரை உட்காரவைத்துப் புதுக் கணக்காகக் கொடுத்துக்கொண்டே இருந்தால் எப்படி இருக்கும்! ஐந்தாவது மணி நேரத்தில் 22 வயது மூளையும் 43 வயது மூளையும் ஒன்றாகக் களைப்பதில்லை.

ஒன்பதாவது ஆட்டம் வேறு ரகம். அப்போது கார்ல்சன் ஐந்து, ஆனந்த் மூன்று. வென்றே தீர வேண்டிய நிலை. ஆனந்த் வெள்ளைக் காய்களுடன் ஒளிவுமறைவின்றிக் கார்ல்சனின் ராஜாவை நோக்கிப் படை எடுத்தார். ராணி எதிரி ராஜாவின் வாசலுக்கே வந்துவிட்டது. யானை ஒன்று பக்கவாட்டில் வந்து சேர்ந்தால் ராஜா சிக்கிவிடுவார். இதற்கிடையில் மறுமூலையில் கார்ல்சனின் கறுப்புச் சிப்பாய் ஒன்று கடைசிக் கட்டத்துக்கு ஓடிப் புது ராணியாக மாறி ‘செக்’ சொல்லிற்று. ஆனந்த் நடுவில் ஒரு காயை வைத்து மறைக்க வேண்டும். மந்திரியையும் வைக்கலாம், குதிரையையும் வைக்கலாம். மந்திரியை வைத்திருந்தால் ஆட்டம் தொடர்ந்திருக்கும். ஆனந்த் குதிரையை வைத்தார். அந்தக் குதிரை அதுவரை ஒரு மூலைவிட்டப் பாதையை அடைத்துக்கொண்டு நின்றிருந்தது. அது நகர்ந்ததும் பாதை திறந்துவிட்டது. புது ராணி மூன்று கட்டம் பக்கவாட்டில் நகர்ந்து அந்தப் பாதையின் வாயிலில் போய் நின்றது. இனி ஆனந்தின் யானை வந்தால் அந்த ராணி அதை வெட்டும், தாக்குதல் ஒழியும். ஆனந்த் உடனே தோல்வியை ஒப்புக்கொண்டார். ஆட்டம் 28 நகர்த்தல்கள்தாம்.

எங்கள் கருத்தில் இந்த ஒன்பதாவது ஆட்டத் தவறு ஆறை ஒன்பதாகப் பார்த்த வகை. துணிந்து தாக்குகிறவருக்கு நேரக்கூடியது. செய்தித்தாள்களில் பெரிதாகப் பேசப்பட்டதும் இதுவே. ஐந்தாவதும் ஆறாவதும்தான் கவலைக்குரியவை. ஏனெனில் இரண்டு நாளும் தவறு ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒரே விதமாக வந்தது.

இன்னொரு சந்தேகத்தையும் விட்டுவிட முடியாது. ஒருமுறை தோற்றால் ஆனந்த் மனம் தளர்ந்து மறுமுறையும் தோற்பார் என்று சிலர் சொன்னார்கள். இதற்கு 1995-ஐ ஆதாரமாகக் காட்டுவார்கள். நியூயார்க்கில் உலக வர்த்தக மையத்தின் 107-ஆம் தளத்தில் காஸ்பரோவை எதிர்த்து ஆடியபோது முதல் எட்டு ஆட்டங்கள் சமம். ஒன்பதாவதில் ஆனந்த் வென்றார். அப்புறம் அடுத்த ஐந்தில் நான்கைத் தோற்றார். ஆனால் 2010-இல் சோபியா நகரில் முதல் ஆட்டத்திலேயே தோற்றவர் மறுநாள் வென்றாரே! 2012-இல் மாஸ்கோவில் ஏழாவது ஆட்டத்தைத் தோற்று, மறுநாள் கெல்ஃபாண்டைப் பதினேழே நகர்த்தல்களில் வீழ்த்தினாரே! மனத்தளர்ச்சி நிலையான குணம் என்றால் அது வசதிக்கேற்றபடி வந்து போகாது. ஆகவே அந்தக் குற்றச்சாட்டை நாங்கள் தள்ளிவிட்டோம்.

குத்துச்சண்டை உலகிலிருந்து ஓர் உதாரணம் சொல்ல அனுமதி வேண்டும். (மென்மையான பெண்கள் பள்ளிப் பத்திரிகையில் குத்துச்சண்டையா என்று பெற்றோர் புருவம் உயர்த்த வேண்டாம்!) அமெரிக்காவின் ஜோ லூயி, பட்டம் பெறுவதற்கு முன்னால், 1936-இல் ஜெர்மானியர் மாக்ஸ் ஷ்மெலிங்கிடம் பன்னிரண்டாம் சுற்றில் வீழ்ந்தார். யாரும் எதிர்பாராத தோல்வி. லூயி இடக்கையால் குத்திவிட்டு அந்தக் கையைத் தாழ இறக்கிவிடுகிறார் என்பதைப் படச்சுருள்களைப் பார்த்தே ஷ்மெலிங் கண்டுபிடித்திருந்தார். குறை உண்மையான குறைதான். ஆனால் திருத்தக்கூடியது. 1938-இல் இருவரும் மீண்டும் மோதியபோது, உலகச் சாம்பியனாகிவிட்ட லூயி முதல் சுற்றிலேயே, மூன்று நிமிடம் ஆவதற்குள், ஷ்மெலிங்கைச் சாய்த்தார். கையை உயர்த்திப் பிடிக்கக் கற்றுக்கொள்ளலாம். வயதைக் குறைத்துக்கொள்ளக் கற்க முடியுமா?

ஆனந்தின் மறு தேர்வு வெகு சீக்கிரம் வந்தது. கார்ல்சனுடன் மீண்டும் மோதுவது யார் என்று முடிவு செய்ய, 2014 மார்ச்சில் ரஷ்யாவின் காந்தி-மான்சிஸ்கு நகரில் எட்டுப் பேர் ஆடினர். அதில் கலந்துகொள்வதா வேண்டாமா என்றே ஆனந்த் தயங்கினார். பழைய எதிரி கிராம்னிக் ஊக்கப்படுத்தியதால் போனதாக அவரே கூறியிருக்கிறார். அவர் வெல்வார் என்று எதிர்பார்த்தவர்கள் சிலரே. முதல் சுற்றிலேயே, அப்போது உலகின் இரண்டாம் இடத்தில் இருந்த அரோனியனை வென்றார். பதினான்கு ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்காமல், எட்டரைப் புள்ளி பெற்று, ஒரு சுற்று மீதமிருக்கும்போதே முதலிடத்தை உறுதி செய்துகொண்டார். ஆற்றல் போய்விட்டது என்ற பேச்சுக்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டியதில்லை.

ஆயினும் உண்மையைச் சொல்ல வேண்டும். அதே ஆண்டு நவம்பரில் சோச்சி நகரில் மறுபடியும் கார்ல்சன். மறுபடியும் தோல்வி, ஆறரைக்கு நாலரை. இம்முறை மூன்றாவது ஆட்டத்தை ஆனந்த் தம் தயாரிப்பின் பலத்தால் அழகாக வென்றார். ஆனால் ஆறாவது ஆட்டத்தில் கார்ல்சன் 26-ஆம் நகர்த்தலில் ராஜாவைத் தவறாக நகர்த்த, குதிரையால் ஒரு சிப்பாயை வெட்டி ஆட்டத்தையே திருப்பியிருக்கக்கூடிய வாய்ப்பை ஆனந்த் கவனிக்காமல் வேறு காயை நகர்த்திவிட்டார். பதினொன்றாவதில் ஒரு யானையைக் கொடுத்து மந்திரியை வாங்கத் துணிந்து, அதிலிருந்தே ஆட்டம் கைநழுவியது. சென்னையில் இருந்த விரிசல் சோச்சியில் சிறிதாகியிருந்தது, அடைபடவில்லை. அந்த விரிசலும் கார்ல்சன் ஒருவரிடம்தான் இவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. ஒருவரின் குறை என்று நாம் சொல்வதில் பாதி, எதிரே இருப்பவரின் நிறை அல்லவா?

வயது என்று ஒரே சொல்லில் முடிப்பவர்களுக்கும் ஒரு கேள்வி. 2017 டிசம்பரில் ரியாத் நகரில் உலக விரைவுச் சதுரங்கப் போட்டி நடந்தது. அங்கே ஆனந்துக்கு 48 வயது. பதினைந்து சுற்றுகளில் ஒரு தோல்வியும் இல்லை. ஒன்பதாவது சுற்றில் கார்ல்சனையே வென்றார். முடிவில் ஃபெடோசீவ் என்ற ரஷ்ய இளைஞரைச் சமன் முறிப்பில் வென்று பட்டம் பெற்றார். வேகம் இளைஞர்களின் சொத்து என்று நாம் நினைக்கிறோம். ஆனால் விரைவு ஆட்டத்தில் ஐந்தாவது மணி நேரம் என்பதே கிடையாது! காயைக் கண்டதும் நிலை புரிகின்ற அந்தக் கண், 1980-களில் சென்னைச் சங்கங்களில் மின்னல் வேகத்தில் ஆடிய சிறுவனுக்கு இருந்த அதே கண், அப்படியே இருந்தது. குறைந்தது உட்கார்ந்திருக்கும் வலு மட்டுமே என்று நாங்கள் எண்ணுவதற்கு இதுவே காரணம்.

2013-இல் அந்தக் கண்ணாடிக்கு வெளியே நின்று உள்ளே எட்டிப் பார்த்தவர்களில் ஏழு வயதுச் சிறுவன் ஒருவனும் இருந்தான். உள்ளே ஒரு நாள் தானும் அமர வேண்டும் என்று அப்போது ஆசைப்பட்டதாகப் பின்னாளில் கூறிய அந்த குகேஷ், 2024 டிசம்பர் 12-இல் சிங்கப்பூரில் டிங் லிரனைத் தோற்கடித்து 18 வயதில் உலகச் சாம்பியன் ஆனார். அடுத்த ஆண்டே, 2025 செப்டம்பரில், சாமர்கண்ட் நகரில் சாம்பியன் குகேஷ் தொடர்ந்து மூன்று ஆட்டங்களைத் தோற்றார். உடனே அதே பேச்சு, ஏறக்குறைய அதே வார்த்தைகளில், கிளம்பிவிட்டது. எங்கள் வகுப்பிலும் இரண்டு கட்சிகள் மறுபடியும் தயார். அந்த மூன்று ஆட்டங்களையும் நகர்த்தல் நகர்த்தலாகப் பலகையில் வைத்துப் பார்த்து முடிக்கும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது என்று இம்முறை முதலிலேயே பேசி வைத்திருக்கிறோம். இரண்டு ஆட்டங்கள் முடிந்திருக்கின்றன.