வலப்பக்கத்து ஆசனம்

அறுபத்தேழு வயதுவரை பொதுமேடை எதிலும் ஏறியிராத பெரியார் ஒருவர், 1911ஆம் ஆண்டு செப்ரெம்பர் 10ஆந் திகதி, இலண்டன் மாநகரின் சிற்றி ரெம்பிள் தேவாலயத்திலே பிரசங்கஞ் செய்ய எழுந்து நின்றார். பாரசீக மொழியில் அவர் பேச, ஆங்கில மொழிபெயர்ப்பு வாசிக்கப்பட்டது. மானிட குலம் ஒன்றே என்பது பொருள்.

அவர்தாம் அப்துல் பஹா. பஹாய் சமயத்தைத் தோற்றுவித்த பஹாவுல்லாவின் மூத்த மைந்தர். 1853இல் தந்தையார் தெஹ்ரானிலிருந்து நாடுகடத்தப்பட்டபோது உடன் சென்ற அச்சிறுவர், 1868 முதல் அக்கா என்னும் கோட்டை நகரிற் கைதியாயிருந்தார். 1908இல் துருக்கியிற் புரட்சி எழுந்த பின்னரே விடுதலை கிட்டியது. நாற்பது ஆண்டுகள்! பிறர் ஓய்வை நாடும் பருவத்தில் அவர் கப்பலேறினார்.

1912 ஏப்ரில் 11ஆந் திகதி நியூயோர்க்கை அடைந்தார். 19ஆந் திகதி இரவு, பௌவரி என்னும் வறிய பகுதியில், வீடற்றோர் கூடும் அறநிலையம் ஒன்றிற் பேசினார். வறியோரே இறைவனுக்கு அண்மையர் என்றார். இதனை எவருஞ் சொல்லிவிடலாம். பேச்சு முடிந்ததும் அவர் வாயிலருகே நின்று, வெளியேறிய ஏறத்தாழ நானூறு பேரின் கையிலும் வெள்ளிக்காசு வைத்தார்.

நான்கு நாள் கழித்து, வாஷிங்டனில், கறுப்பின மாணவர்க்கென அமைந்த ஹவர்ட் சர்வகலாசாலையிற் பேசினார். இறைவன் முன் நிறபேதம் இல்லை என்றார். உள்நாட்டுப் போரில் வெள்ளையர் உயிர் துறந்தமைக்குக் கறுப்பினத்தார் நன்றி பாராட்டுதல் வேண்டுமெனவுங் கூறினார். இப்பகுதி இன்று படிப்போருக்குச் சற்றே உறுத்தும், மறுப்பதற்கில்லை.

ஆயினும் அன்றைய மத்தியான விருந்தை நோக்குக. பாரசீகத் தூதரகத்து அலி குலி கான் இல்லத்திலே பிரமுகர் பலர் கூடியிருந்தனர். பெரியாரைக் காணவந்த கறுப்பின வழக்கறிஞர் லூயி கிரெகரி விருந்துக்கு அழைக்கப்படாதவர். ஆகவே விடைபெற ஆயத்தமானார். பந்தியில் யார் எங்கே அமர்வது என்பது எத்துணைப் பெரிய காரியமென நம்மவர்க்கு எடுத்துரைக்க வேண்டுமோ? அப்துல் பஹா அவரைத் தேடி அழைப்பித்து, மேசையின் ஒழுங்கை மாற்றி, தமது வலப்பக்கத்தில் அமர்த்தினார். பின்னரே விருந்து தொடங்கிற்று.

அவ்வாண்டு செப்ரெம்பரில் கிரெகரி, லூயிசா மத்தியூ என்னும் ஆங்கில மாதை மணந்தார். அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் அத்தகைய திருமணம் அந்நாளிற் சட்டவிரோதமாயிருந்தது. அதற்கு அவ்விருவரையும் ஊக்கியவரும் அப்துல் பஹாவே.