"நாங்க" எப்போது "அவங்க" ஆகிறது?

2022 டிசம்பர் 9 இரவு. உலகக் கிண்ணக் காலிறுதியின் மேலதிக நேரத்தில் நெய்மார் கோல் போட்டதும், "நாங்க வெண்டுட்டோம்!" என்று நானா துள்ளினார். 117ஆவது நிமிடத்தில் குரோஷியா சமப்படுத்தியது. பெனால்டியில் 4–2 எனப் பிரேசில் வெளியேறியது. நானா சாப்பிடாமலே படுத்துவிட்டார். காலையில் மஞ்சள் ஜேர்சியை அலுமாரிக்குள் திணித்தபடி, "அவங்களுக்குப் பெனால்டி அடிக்கத் தெரியாது" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகுதான் இதை ஆராய்ந்தே இருக்கிறார்கள் என்று அறிந்தேன். அமெரிக்க உளவியலாளர் ரொபர்ட் சியால்டினியும் குழுவினரும் 1976இல் வெளியிட்ட ஆய்வு அது. பல்கலைக்கழக அணி வென்றால் மாணவர்கள் அதன் பெயர் பொறித்த ஆடைகளைக் கூடுதலாக அணிந்தார்களாம்; பேச்சிலும் "நாங்கள்" கூடியதாம். தோற்றால் அது குறைந்துவிடும். வெற்றியில் ஒட்டிக்கொண்டு, தோல்வியிலிருந்து கொஞ்சம் தள்ளி நின்றால் மனதுக்கு வலி குறைவு.

(கணிதத்தில் எனக்குப் புள்ளி குறைந்த தவணையில் வாப்பாவும் உம்மாவிடம் "உங்கட மகள்" என்றுதான் சொன்னார்!)

நானாவால் அதிக நாள் தள்ளி நிற்க முடியவில்லை. "அஞ்சு கிண்ணம் வேற யாரிட்ட இருக்கு?" என்று தொடங்கினார். அடுத்த கிழமை ஜேர்சி கொடியில் காய்ந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை.