நிலவு வரை எட்டிய ரேடியோ கம்பெனி

1925-ஆம் ஆண்டுக் கோடை. டொனால்ட் மக்மில்லன் தலைமையிலான ஆர்க்டிக் பயணக்குழு கிரீன்லாந்தின் வடமேற்குக் கரையில் எட்டா என்ற இடத்தில் முகாமிட்டிருந்தது. அமெரிக்கக் கடற்படைக்கும் அந்தப் பயணத்தில் பங்கு உண்டு. ஆனால் கடற்படையின் வானொலி நிலையங்களால் குழுவுடன் நிலையாகத் தொடர்புகொள்ள முடியவில்லை. ஐயோவா மாநிலத்தின் சிடார் ராப்பிட்ஸ் நகரில் இருந்த 15 வயதுப் பையன் ஒருவனால் முடிந்தது. தானே கட்டிய கருவிகளை வைத்துக்கொண்டு, கிரீன்லாந்திலிருந்து மோர்ஸ் ஒலியில் வந்த செய்திகளைக் கேட்டு எழுதி, தந்தி மூலம் வாஷிங்டனுக்கு அனுப்பிவைத்தான். பெயர் ஆர்தர் காலின்ஸ்.

இதை அதிர்ஷ்டம் என்று தள்ளிவிட முடியாது. அலைநீளம் கூடக்கூட வானொலி அதிகத் தொலைவு போகும் என்றுதான் அன்றைய நிபுணர்கள் நம்பினார்கள். அதனால் 1912-ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம், எதற்கும் உதவாது என்று கருதப்பட்ட 200 மீட்டருக்குக் குறைவான அலைகளை, பொழுதுபோக்காக வானொலி இயக்கும் அமெச்சூர்களுக்கு ஒதுக்கியது. கிடைத்ததை வைத்து அவர்கள் சோதித்துக்கொண்டே இருந்தார்கள். இந்தச் சிற்றலைகள் மேலே போய், அயனி மண்டலத்தில் வளைந்து, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டித் தரையிறங்குகின்றன என்பது அப்படித்தான் தெரியவந்தது. எந்த நேரத்தில் எந்த அலை எங்கே இறங்கும் என்று தேடியவர்களில் காலின்ஸும் ஒருவர். மக்மில்லன் குழுவின் ரேடியோ ஆபரேட்டர் ஜான் ரெய்னார்ட்ஸ் இன்னொருவர். ஆன்டெனா விஷயத்திலும் சிற்றலைக்கே லாபம். அரை அலைநீள ஆன்டெனா கட்ட, 20 மீட்டர் அலைக்குச் சுமார் 10 மீட்டர் கம்பி போதும். 2,000 மீட்டர் நெட்டலைக்கு அதே கணக்கில் ஒரு கிலோமீட்டர் கம்பி வேண்டும்.

பொருளாதாரப் பெருமந்தம் உச்சத்தில் இருந்த 1933-இல் காலின்ஸ் ரேடியோ கம்பெனி பிறந்தது. முதல் வாடிக்கையாளர்கள் அமெச்சூர்கள். விரைவிலேயே அட்மிரல் பேர்டின் இரண்டாவது அண்டார்டிகா பயணத்துக்கும் காலின்ஸ் கருவிகள் போயின. அங்கிருந்து வந்த ஒலிபரப்பை அமெரிக்க மக்கள் வாராவாரம் கேட்டார்கள். இரண்டாம் உலகப் போரில் கம்பெனி பல மடங்கு வளர்ந்தது. முன்கூட்டியே குறித்துவைத்த அலைவரிசைக்கு மோட்டார் மூலம் தானாகவே மாறிக்கொள்ளும் அதன் விமான டிரான்ஸ்மிட்டர்கள் குண்டுவீச்சு விமானங்களில் பறந்தன.

என்னைப் பொறுத்தவரை இந்தக் கம்பெனியின் மிக அழகான படைப்பு, 1952-இல் சந்தைக்கு வந்த மெக்கானிக்கல் ஃபில்டர். அலைவரிசைகளில் கூட்டம் நெரிந்துகொண்டிருந்த காலம். பக்கத்துப் பக்கத்தில் பத்துப் பேர் பேசும்போது வேண்டிய குரலை மட்டும் ரிசீவர் எப்படிப் பிரித்தெடுக்கும்? சுருள்களும் கெப்பாசிட்டர்களும் சேர்ந்த மின்சுற்று வடிகட்டி, வேண்டாததை ஓரளவுக்குத்தான் தள்ளும். காலின்ஸ் பொறியாளர்கள் மின்சாரத்தையே அதிர்வாக மாற்றினார்கள். வெண்கல மணியைத் தட்டினால் அது தனக்குரிய சுருதியில்தானே ஒலிக்கும்? அதே போல, விநாடிக்கு ஏறத்தாழ 4,55,000 முறை அதிரும்படி துல்லியமாகக் கடைந்த சிறு உலோக வட்டுகளை வரிசையாக நிறுத்தி, மெல்லிய கம்பிகளால் ஓரத்தில் இணைத்தார்கள். காந்தப்புலத்தில் நீண்டு சுருங்கும் உலோகத் துண்டு ஒரு முனையில் சிக்னலை அதிர்வாக்கித் தருகிறது. வட்டுகள் தங்களுக்கு ஒத்த அதிர்வுகளை மட்டும் ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கடத்துகின்றன. மறுமுனையில் அது மீண்டும் மின்சாரமாகிறது. மனிதக் குரலுக்குத் தேவையான ஏறத்தாழ 3 கிலோஹெர்ட்ஸ் அகலம் உள்ளே வரும், அதற்கு வெளியே சுவர் எழுப்பியதுபோல் எல்லாம் நின்றுவிடும். இத்தனையும் கைக்குள் அடங்கும் ஒரு சிறு டப்பாவுக்குள்!

சிங்கிள் சைட்பேண்ட் (ஒற்றைப் பக்கப்பட்டை) முறையைப் பரவலாக்கியதில் இந்த ஃபில்டருக்குப் பெரும் பங்கு உண்டு. சாதாரண ஏ.எம். ஒலிபரப்பில், முழுப் பண்பேற்றம் செய்தாலும் மூன்றில் இரண்டு பங்கு சக்தி, எந்தச் செய்தியும் இல்லாத ஊர்தி அலைக்கே போய்விடும். மீதி சக்தி இருபுறமும் உள்ள இரண்டு பக்கப்பட்டைகளுக்கு. இரண்டிலும் இருப்பது ஒரே செய்திதான். ஊர்தி அலையை நீக்கி, ஒரு பக்கப்பட்டையையும் வெட்டிவிட்டால், மொத்தச் சக்தியும் குரலுக்கே கிடைக்கும், இடமும் பாதிதான் பிடிக்கும். வெட்டுவதற்குக் கூர்மையான கத்தி வேண்டுமே, அதைத்தான் காலின்ஸ் தந்தது. அமெரிக்க விமானப்படையின் தொலைதூர விமானங்கள் இந்த முறைக்கு மாறின. அந்த மாற்றத்தை ஆதரித்த ஜெனரல் கர்டிஸ் லெமேயும் ஓர் அமெச்சூர்தான்.

அடுத்து வானம். 1951-இல் சிடார் ராப்பிட்ஸிலிருந்து காலின்ஸ் பொறியாளர்கள் 418 மெகாஹெர்ட்ஸில் அனுப்பிய மோர்ஸ் செய்தி, நிலவில் பட்டுத் திரும்பி வர்ஜீனியாவின் ஸ்டெர்லிங்கில் கேட்டது. போய்வர ஏறக்குறைய இரண்டரை விநாடி. 1844-இல் சாமுவேல் மோர்ஸ் தன் முதல் தந்தித் தடத்தில் அனுப்பிய அதே வாசகத்தையே அவர்களும் அனுப்பினார்கள்.

அப்பல்லோ திட்டத்தில் கட்டளைக் கலத்தின் தொலைத்தொடர்புச் சாதனங்கள் காலின்ஸின் பொறுப்பு. தரையில் பெரிய ஆன்டெனாக்களும் அதன் பொறுப்பில் எழுந்தன. அவற்றில் ஒன்று ஆஸ்திரேலியாவின் கான்பெராவுக்கு அருகே ஹனிசக்கிள் க்ரீக்கில் இருந்த 26 மீட்டர் தட்டு. 1969 ஜூலையில் நீல் ஆம்ஸ்ட்ராங் நிலவில் கால் வைத்த காட்சியை உலகம் பார்த்தது அந்தத் தட்டு வாங்கிக் கொடுத்த படத்தில்தான்.

அதற்குள் ஆர்தர் காலின்ஸின் மனம் கணினிக்குப் போயிருந்தது. கணினிகளையும் தொலைத்தொடர்பையும் ஒரே வலையாகப் பின்ன வேண்டும் என்று 1960-களிலேயே திட்டமிட்டு, 'சி-சிஸ்டம்' என்ற பெயரில் பெரும் பணத்தைக் கொட்டினார். வாங்க ஆள் இல்லை, கடன் ஏறியது. ராக்வெல் நிறுவனம் முதலீட்டோடு உள்ளே வர, நிறுவனர் வெளியேற நேர்ந்தது. 1973-இல் கம்பெனி ராக்வெல்லோடு இணைந்தது. காலின்ஸ் 1987-இல் காலமானார்.

அவர் கண்ட கனவில் பிழை இல்லை, காலத்தைத்தான் முந்திவிட்டது. கம்பெனி பல கை மாறியும் பெயர் அழியவில்லை. 2018 முதல் அது காலின்ஸ் ஏரோஸ்பேஸ். பயணிகள் விமானங்களின் காக்பிட்டில் இருக்கும் ரேடியோக்களை இன்றும் தயாரிக்கிறது.