ஐவரியின் அறைகள் – 9: இல்லாத மாளிகையின் பட்லர்

இயக்குநர் ஜேம்ஸ் ஐவரி, தயாரிப்பாளர் இஸ்மாயில் மெர்ச்சன்ட், திரைக்கதையாசிரியர் ரூத் பிராவர் ஜாப்வாலா மூவரும் இந்தியாவில் ஒன்றுசேர்ந்த கதையும் 'எ ரூம் வித் எ வியூ' படமும் இந்தத் தொடரில் முன்பே வந்துவிட்டன. தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு அது போதும். இந்த வாரம் 'ஹோவர்ட்ஸ் எண்ட்' (1992), 'தி ரிமெய்ன்ஸ் ஆஃப் த டே' (1993) இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தேன். ஆனால் இரண்டாவது படம் எங்கே எடுக்கப்பட்டது என்று தேடப் போனவன், அங்கேயே நின்றுவிட்டேன்.

அந்தப் படத்தின் கதை நடக்கும் டார்லிங்டன் ஹால் என்றொரு மாளிகை கிடையாது. படத்துக்கு மூலமான கசுவோ இஷிகுரோவின் நாவலில் அது கற்பனை. படத்தில் அதை நாம் கண்ணாலேயே பார்க்கிறோம். அந்தப் பிரம்மாண்டமான கல் முகப்பு, படிக்கட்டு, நூலகம், பணியாளர்கள் நடமாடும் நீண்ட நடைகள் எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருப்பதாக நம்புகிறோம். அவை நான்கு வெவ்வேறு மாளிகைகள்!

கார் வந்து நிற்கும் முகப்பு, பாத் நகருக்கு அருகே இருக்கும் டைரம் பார்க். உள்ளே நுழைந்து மாடி ஏறினால் நீலப்பச்சைச் சுவரில் வெள்ளைச் சுண்ணவேலை மின்னும் படிக்கட்டு வருகிறதே, அது 100 கிலோமீட்டருக்கும் அப்பால், டெவன் மாவட்டத்தில் இருக்கும் பௌடர்ஹாம் கோட்டை. நூலகமும் விருந்துக்கூடமும் வில்ட்ஷயரில் உள்ள கோர்ஷம் கோர்ட். பணியாளர் பகுதியோ பாட்மின்டன் ஹவுஸ். ஆம், இறகுப்பந்து ஆட்டத்துக்குத் தன் பெயரைக் கொடுத்த அதே மாளிகைதான். கீழிருந்து தட்டோடு புறப்படும் ஒரு பணியாள் ஒரு கதவைத் தாண்டுவதற்குள் மாவட்டமே மாறிவிடுகிறது.

பொதுமக்கள் சாதாரணமாக நுழைய முடியாத வீடுகளையும் படப்பிடிப்புக்குத் திறக்க வைத்தது மெர்ச்சன்டின் பேச்சு. பம்பாயில் பிறந்த அந்த மனிதர் யாரிடமும் எதையும் கேட்டு வாங்கிவிடுவார். வாரக் கடைசியில் படக்குழு முழுவதற்கும் தானே சமைத்துப் போட்டுப் பட்ஜெட் நெருக்கடியை மறக்க வைத்தவர் அவர். இந்த வீடுகளில் பெரும்பாலானவற்றைத் தேடிப் பிடித்தவர் கலை வடிவமைப்பாளர் லூசியானா அரிகி. துண்டுகளை அவர் பொருத்தினார் என்பது சரி. ஆனால் ஒட்டுப் போட்ட இடம் கண்ணுக்குத் தெரியாததற்குக் காரணம் ஆன்டனி ஹாப்கின்ஸின் நடை என்று நினைக்கிறேன். பட்லர் ஸ்டீவன்ஸாக அவர் நடக்கும் வேகம் எந்த அறையிலும் மாறுவதில்லை. தோள் அசையாது, காலடி கேட்காது. டைரமில் தொடங்கிய நடை பௌடர்ஹாமில் தொடர்கிறது. நான்கு வீடுகளை அந்த நடைதான் ஒரே வீடாகத் தைக்கிறது.

அந்த நடைக்கு ஓர் ஆசிரியர் உண்டு. பக்கிங்ஹாம் அரண்மனையில் ஐம்பதாண்டுகள் பணியாற்றிய சிரில் டிக்மன், ஹாப்கின்ஸுக்கு ஆலோசகராக இருந்தார். ஒரு நல்ல பட்லர் உள்ளே இருக்கும்போது அந்த அறை முன்பைவிட வெறுமையாகத் தோன்ற வேண்டும் என்பது அவர் சொல்லிக்கொடுத்த பாடம். ஒரு நடிகருக்கு இதைவிடக் கடினமான வேலை கொடுக்க முடியுமா? சட்டகத்தின் நடுவில் நிற்க வேண்டும். ஆனால் அங்கே யாரும் இல்லை என்று மற்ற பாத்திரங்கள் நம்ப வேண்டும். சற்று முன்புதான் ஹானிபல் லெக்டராக உலகத்தையே மிரட்டி ஆஸ்கர் வாங்கியிருந்தவர் இதைச் செய்கிறார்.

ஐவரியின் படங்கள் பழைய நாற்காலி மேசைகளின் கண்காட்சி என்று குறை சொல்கிறவர்கள் உண்டு. இந்தப் படத்தில் மேசையை எதற்காகக் காட்டுகிறார் என்று அவர்கள் பார்க்க வேண்டும். விருந்துக்கு முன் தட்டுகளுக்கும் கோப்பைகளுக்கும் நடுவே உள்ள இடைவெளி அளவுகோலால் அளக்கப்படுகிறது. அத்தனை துல்லியமாக அடுக்கிய மேசையைச் சுற்றி உட்கார்ந்து பிரபுக்கள் பேசுவது ஹிட்லரின் ஜெர்மனியோடு சமாதானம். அளவுகோல் பிடித்தவன் அந்தப் பேச்சு தன் வேலையில்லை என்று ஒதுங்கி நிற்கிறான்.

இங்கே நாவலிலிருந்து ஒரு முக்கியமான விலகல் இருக்கிறது. டார்லிங்டன் பிரபு, யூதர்கள் என்ற ஒரே காரணத்துக்காக இரண்டு பணிப்பெண்களை நீக்கச் சொல்கிறார். நாவலில் அவர்கள் பெயர் ரூத், சாரா. படத்தில் எல்சா, இர்மா; ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த அகதிகள். இந்த ஒரு மாற்றத்தால் வேலைநீக்கத்தின் பொருளே மாறிவிடுகிறது: வேலை போனால் அவர்கள் திரும்ப வேண்டிய ஊர் எது என்று பார்ப்பவருக்குத் தெரியும். திரைக்கதையில் பெயர் போட்டிருக்கும் ரூத் பிராவர் ஜாப்வாலா, கொலோன் நகரில் பிறந்த யூதப் பெண். 1939-இல் குடும்பத்தோடு இங்கிலாந்துக்குத் தப்பி வந்தவர். தப்ப முடியாமல் போன உறவினர்களின் கதி தெரிந்தபின் அவருடைய தந்தை 1948-இல் தற்கொலை செய்துகொண்டார். இதையெல்லாம் தெரிந்துகொண்டு அந்தக் காட்சியைத் திரும்பப் பார்த்தபோது, தலை குனிந்து நிற்கும் அந்தப் பெண்களைத் தவிர வேறெதையும் என்னால் பார்க்க முடியவில்லை.

நாவல் முழுவதும் ஸ்டீவன்ஸின் வாய்மொழி. தன்னையே ஏமாற்றிக்கொள்ளும் ஒருவன் சொல்லச் சொல்ல, அவன் மறைப்பதை நாம் கண்டுபிடிக்கிறோம். திரையில் அந்தக் குரல் இல்லை. அதற்கு ஈடாக ஐவரி வைத்திருக்கும் காட்சி, அவர் எடுத்தவற்றிலேயே சிறந்தது என்பேன். மங்கிய வெளிச்சத்தில், மூலையில் ஒதுங்கி ஸ்டீவன்ஸ் ஒரு புத்தகம் வாசிக்கிறார். மாளிகையின் பணிப்பெண்களுக்குத் தலைவியான மிஸ் கென்டன் (எம்மா தாம்சன்) என்ன புத்தகம் என்று கேட்டு நெருங்கி வருகிறார். ஸ்டீவன்ஸ் மார்போடு அணைத்து வைத்திருப்பதை விரல் விரலாகப் பிரித்து எடுக்கிறார். பழைய காதல் கதை ஒன்று, அவ்வளவுதான். அந்த நேரம் முழுவதும் ஸ்டீவன்ஸின் இன்னொரு கை மிஸ் கென்டனின் தலைமுடிக்கு அருகே வந்து நிற்கிறது, தொடவில்லை. மொழியை வளர்த்துக்கொள்ளத்தான் வாசிக்கிறேன் என்கிறார்.

நாவலின் கடைசியில் கடற்கரைப் பாலத்தில், முன்பின் தெரியாத ஒருவரிடம் பேசிக்கொண்டிருக்கும்போது ஸ்டீவன்ஸ் உடைந்து அழுகிறார். இந்தக் காட்சியையும் படமாக்கினார்கள். பிறகு நீக்கிவிட்டார்கள். ஹாப்கின்ஸ் போன்ற ஒருவர் அழுத காட்சியை வெட்டி எறிய எவ்வளவு துணிவு வேண்டும்! நாவலில் அந்த அழுகை தேவை, ஏனென்றால் அங்கே அவர் அதுவரை நம்மிடம் பேசிக்கொண்டே இருந்திருக்கிறார். படத்தில் இரண்டு மணி நேரமாக வாய் திறக்காதவர் கடைசியில் அழுதிருந்தால், நமக்கும் ஆறுதல் கிடைத்திருக்கும். அந்த ஆறுதலை ஐவரி தரவில்லை. எட்டு ஆஸ்கர் பரிந்துரைகள் பெற்று ஒன்றுகூட வெல்லாத இந்தப் படத்தை அவருடைய படங்களில் முதலிடத்தில் நான் நிறுத்துவது அதனால்தான்.

'ஹோவர்ட்ஸ் எண்ட்' மூன்று ஆஸ்கர்களை வென்றது. அதில் ஒன்று இதே அரிகிக்கும் அரங்கப் பொருள்களை அமைத்த இயன் விட்டேக்கருக்கும் கிடைத்தது. ஹாப்கின்ஸும் தாம்சனும் அதில் கணவன் மனைவி. அதன் கதைக்கு வேராக இருப்பது, நாவலாசிரியர் இ. எம். ஃபார்ஸ்டர் சிறுவயதில் வாழ்ந்து இழந்த ரூக்ஸ் நெஸ்ட் என்ற வீடு. ஐவரி அந்த வீட்டில் எடுக்கவில்லை. ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் வேறொரு வீட்டைத் தேர்ந்தெடுத்தார். ஏன் அந்த வீடு, அதன் தோட்டத்தில் என்ன இருந்தது, வெனெஸ்ஸா ரெட்கிரேவ் எப்படி அந்தப் படத்தையே தன் வசமாக்கிக்கொண்டார் என்பதெல்லாம் அடுத்த வாரம்.

(தொடரும்)