வளர்ச்சிசார் குறைபாடுள்ள வயதுவந்த மகனின் தற்சார்பு

ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, மூளை முடக்குவாதம் போன்ற வளர்ச்சிசார் குறைபாடுகளுடன் பிறந்த ஒருவர், வளர்ந்த பின் தன் அன்றாட வாழ்க்கையை இயன்றவரை தானே நடத்திக்கொள்ளும் நிலை தற்சார்பு எனப்படும். தனி வீட்டில் யாருமின்றி வாழ்வது என்று இதற்குப் பொருளில்லை. என்ன சட்டை போடுவது, எப்போது சாப்பிடுவது, யாருடன் பழகுவது என்பவற்றைத் தானே முடிவு செய்வதும், தேவைப்படும் உதவியைக் கேட்டுப் பெறுவதும் தற்சார்பே. இந்தியாவில் இத்தகைய மகன்கள் பெரும்பாலும் பெற்றோருடனேயே வாழ்கிறார்கள். "எங்களுக்குப் பிறகு யார்?" என்பதே அந்தப் பெற்றோரின் நீங்காத கவலை.

பயிற்சி முறை

சிறப்புப் பள்ளியில் படிக்கும் காலம் முடிந்ததும் பலருக்குப் பயிற்சியும் நின்றுவிடுகிறது. மகன் வீட்டில் தொலைக்காட்சி முன் அமர்கிறார்; கற்றதும் மெல்ல மறக்கிறது. அம்மா ஊட்டிவிடுவதும் அப்பா பொத்தான் போட்டுவிடுவதும் அன்பினால்தான். ஆனால் 25 வயதிலும் அது தொடர்ந்தால், செய்யக்கூடிய வேலைக்கும் அவர் பிறர் கையை எதிர்பார்ப்பார். நேரம் மிச்சமாகும் என்று பெற்றோரே செய்து முடித்துவிடுவதுதான் பல வீடுகளில் உண்மையான தடை.

சிறப்புக் கல்வியாளர்கள் ஒரு வேலையைச் சிறு படிகளாகப் பிரித்துக் கற்பிக்கிறார்கள். கால்சட்டை அணிவதைக் கற்பிக்கும்போது, மற்றவற்றைப் பெற்றோர் செய்து, இடுப்புக்கு ஏற்றும் கடைசிப் படியை மட்டும் மகனிடம் விடலாம். அது கைவந்ததும் அதற்கு முந்தைய படி. வேலையை முடித்த நிறைவு ஒவ்வொரு முறையும் அவருக்கே கிடைப்பதால், பின்னிருந்து முன்னோக்கிச் செல்லும் இம்முறை பலருக்கு எளிதாக இருக்கிறது. வாய்ச்சொல்லைவிடப் படங்கள் வரிசையாக ஒட்டிய அட்டை சிலருக்கு நன்கு உதவும். அம்மா பக்கத்தில் இல்லாதபோதும் அட்டை சுவரில் இருக்கும்.

பேருந்துப் பயணத்தையும் இப்படியே பழக்கலாம். முதலில் பக்கத்தில் அமர்வது, பிறகு இரண்டு இருக்கை தள்ளி அமர்வது, பிறகு இறங்கும் நிறுத்தத்தில் காத்திருப்பது என்று உதவி படிப்படியாக விலக வேண்டும். பேருந்து வராவிட்டால் என்ன செய்வது என்பதையும் பழக்காவிட்டால் பயிற்சி பாதியில் நிற்கும். பணத்தில் கூட்டல் கழித்தல் வராதவரும், விலையைவிடப் பெரிய நோட்டைக் கொடுத்து மீதியைக் கேட்டு வாங்கப் பழகலாம். கணக்குத் தெரிந்த பிறகுதான் கடைக்கு அனுப்புவோம் என்று காத்திருந்தால் அந்த நாள் வராமலே போகலாம். உடல் வளர்ச்சி, அந்தரங்கம், தகாத தொடுதல் ஆகியவற்றைப் பேசக் குடும்பங்கள் கூச்சப்படுகின்றன; பேசாமல் விடுவதே ஆபத்து.

வேலை

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசுப் பணியிடங்களில் 4 விழுக்காடு இடங்களை ஒதுக்குகிறது. ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு ஆகிய அனைத்துக்கும் சேர்த்து அதில் 1 விழுக்காடு. தேர்வு எழுத இயலாதவருக்கு இதனால் பயன் குறைவு. பணியிடத்திலேயே ஒரு பயிற்றுநர் உடனிருந்து வேலையைக் கற்பித்து, பின்னர் விலகிக்கொள்ளும் முறை கூடுதலானவர்களுக்குப் பொருந்தும். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில், பல்வகைக் குறைபாடுடையோருக்கென 2005இல் தொடங்கப்பட்ட தேசிய நிறுவனம் இயங்குகிறது.

சட்டநிலை

18 வயது நிறைந்ததும் மகன் சட்டப்படி வயதுவந்தவர். அதன்பின் பெற்றோர் என்ற காரணத்தாலேயே அவருக்காகக் கையெழுத்திட முடியாது. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உடையவர்களுக்கு மாவட்ட அளவில் இயங்கும் உள்ளூர்க் குழு பாதுகாவலரை நியமிக்கலாம். சொத்துப் பொறுப்பை ஏற்கும் பாதுகாவலர் 6 மாதங்களுக்குள் சொத்துப் பட்டியலையும், பிறகு ஆண்டுதோறும் கணக்கையும் தர வேண்டும்.

2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் பார்வை வேறு. குறிப்பிட்ட ஒரு முடிவுக்காக, குறிப்பிட்ட காலத்துக்கு, அவரது விருப்பத்தை ஒட்டி, அவருடன் சேர்ந்து முடிவெடுக்கும் வரையறுக்கப்பட்ட பாதுகாவலரை அது முன்வைக்கிறது. வங்கிக் கணக்குக்காக அவசரமாக முழுப் பாதுகாவலர் சான்றிதழ் வாங்கும் முன், எந்தெந்த முடிவுகளை மகனால் எடுக்க முடியும் என்று பார்ப்பது நல்லது.

பெற்றோருக்குப் பின்

தேசிய அறக்கட்டளையின் நிராமயா திட்டம் 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு தருகிறது. சேர்வதற்கு முன் மருத்துவப் பரிசோதனை தேவையில்லை. உயில் எழுதுவதுடன், மகனின் மருந்துகள், பிடித்த உணவு, பயம் தரும் ஒலிகள், கோபம் தணியும் வழி ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்பது, அடுத்துப் பொறுப்பேற்பவருக்குச் சொத்துப் பத்திரத்தைவிட அன்றாடம் பயன்படும். உடன்பிறந்தவர் பார்த்துக்கொள்வார் என்று கேட்காமலே முடிவு செய்யாமல், அவரிடமும் மனம்விட்டுப் பேச வேண்டும். மத்திய அரசு ஓய்வூதிய விதிகளின்படி, குறைபாட்டால் சம்பாதிக்க இயலாத மகனுக்குக் குடும்ப ஓய்வூதியம் ஆயுள் முழுவதும் கிடைக்க வழியுண்டு. பெற்றோர் உயிருடன் இருக்கும்போதே மகனின் பெயரையும் குறைபாட்டுச் சான்றையும் அலுவலகப் பதிவில் சேர்த்துவிட்டால் பிற்கால அலைச்சல் குறையும்.