பாட்டி சொன்னதும் பேத்தி சொன்னதும்

ஆம்பூர் என்றதும் உங்களுக்குப் பிரியாணி ஞாபகம் வந்துவிடும். எனக்கும் அப்படித்தான். ஆனால் சென்ற தடவை அங்கிருந்து நான் கொண்டுவந்த சமாசாரம் வேறு.

ஒரு சின்ன ஆஸ்பத்திரி. எனக்கு முன்னால் ஒரு பாட்டி, கூடவே பத்து வயசுப் பேத்தி. பாட்டிக்கு உருதுதான் பேச்சு, டாக்டரம்மாவுக்குத் தமிழ்.

"எத்தனை நாளாய் இருமல்?" என்று கேட்டார் டாக்டரம்மா. பேத்தி அதை உருதுவில் கேட்டாள். பாட்டி கையை ஆட்டி ஆட்டி ஐந்து நிமிஷம் பொரிந்து தள்ளினாள். பேத்தி திரும்பி, "மூணு நாளாம், டாக்டர்" என்றாள்.

உடன் வந்த நண்பருக்கு உருது தெரியும். காதோடு விஷயத்தைச் சொன்னார். போன தடவை கொடுத்த மருந்தால் காசு போனதுதான் மிச்சம் என்று பாட்டி வசைபாடினாளாம்! பேத்தி அதையெல்லாம் அப்படியே விழுங்கிவிட்டாள். பெரிய பெரிய மத்தியஸ்தர்களுக்கும் இந்தச் சாமர்த்தியம் லேசில் வராது.

மேல்விஷாரம், பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய தோல் ஊர்களில் இப்படிப் பிள்ளைகள் ஏராளம். தோல் தொழிலில் முதலாளிகள் பலர் உருது பேசும் முஸ்லிம்கள். பதனிடும் கைகளும் ஷூ தைக்கும் கைகளும் பெரும்பாலும் சுற்றுவட்டாரக் கிராமங்களின் தமிழ்க் கைகள். சந்தையில் இரண்டு பாஷையும் கலந்து புழங்கும். ஆனால் வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்ட பாட்டிமார் சிலருக்குத் தமிழ் எட்டவில்லை. பேத்திதான் கண்ணும் காதும்.

சண்டை வந்தால் என்ன ஆகும்? 2015 ஜூன் 27 இரவை ஆம்பூர் மறக்கவில்லை. போலீஸ் விசாரணைக்குப் போய்வந்த இளைஞர் ஒருவர் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். அதைக் கண்டித்து நடந்த மறியல் கலவரமாக மாறியது. வண்டிகள் எரிந்தன, பஸ்கள் நொறுங்கின, போலீசார் பலர் காயமடைந்தனர். அப்படிப்பட்ட இரவில் வதந்தி ஒரு தெருவில் ஒரு பாஷையிலும், அடுத்த தெருவில் வேறு பாஷையிலும் ஓடும். இரண்டும் புரிகிற பிள்ளைக்குத்தான் இது ஒரே புளுகின் இரண்டு சட்டைகள் என்று தெரியும். அடுத்த தெருவில் உள்ள வகுப்புத் தோழனுக்கு ஒரு போன் போட்டால் விஷயம் வெளிச்சமாகிவிடும். அந்தத் தோழமை எங்கே முளைக்கிறது? பள்ளிக்கூடத்துப் பெஞ்சியில்தானே!

பெஞ்சி எப்போதும் நல்லதே செய்யும் என்று சொல்லிவிட முடியாதுதான். 2023 ஆகஸ்டில் திருநெல்வேலிப் பக்கம் நாங்குநேரியில் நடந்தது நினைவிருக்கும். பள்ளி மாணவர்களே வீடு புகுந்து ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் வெட்டினார்கள். ஊர்ச் சாதி வகுப்பறைக்குள் புகுந்து, வகுப்பறையிலிருந்து அரிவாளோடு வெளியே வந்தது. பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, மணிக்கட்டில் வண்ணக் கயிறு கட்டுவதையே தடுக்க வேண்டும் என்று 2024-ல் சொன்னது. பிள்ளைகள் பெரியவர்களின் சண்டையையும் சுமப்பார்கள், சமாதானத்தையும் சுமப்பார்கள். நாம் எதைத் தூக்கிக் கொடுக்கிறோம் என்பதுதான் கேள்வி.

தோல் ஊர்ப் பிள்ளைகளிடம் நாம் தூக்கிக் கொடுத்தது ஒரு வழக்கு! எல்லாப் பள்ளிகளிலும் தமிழ் கட்டாயம் என்று 2006-ல் சட்டம் வந்தது. முதல் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கொரு வகுப்பாக ஏறி, 2016-ல் பத்தாம் வகுப்புப் பரீட்சையைத் தொட்டது. "தமிழ்நாட்டில் இருந்துகொண்டு தமிழ் படிக்காமலா?" என்றது ஒரு கட்சி. "கற்றுக்கொடுக்க வாத்தியார் இல்லாமல் பிள்ளை எப்படிப் பரீட்சை எழுதும்?" என்றது மறு கட்சி. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. கோர்ட்டு விலக்குக் கொடுத்தது. மறுபடி கேட்டார்கள், மறுபடி கொடுத்தது. 2023-ல் சுப்ரீம் கோர்ட்டு வரை போய் அந்த வருஷத்துக்கும் விலக்கு வாங்கினார்கள்.

பரீட்சை தப்பியது, சரி. வாத்தியார் வந்தாரா? வக்கீல் வைக்கிற முனைப்பில் பாதியை வாத்தியார் வைப்பதில் காட்டியிருந்தால், உருதுப் பள்ளிப் பிள்ளை தமிழ்க் கடுதாசியைச் சரளமாக வாசிக்குமே! வாணியம்பாடியில் 1919-லேயே இஸ்லாமியாக் கல்லூரியை எழுப்பிய சமூகம் அது. படிப்பின் அருமையை அவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஆஸ்பத்திரிக் கதையின் பாக்கியைச் சொல்லிவிடுகிறேன். "வேளாவேளைக்கு மருந்து சாப்பிடாமல் இங்கே வந்து என் உயிரை வாங்காதே என்று சொல்லு!" என்று சிடுசிடுத்தார் டாக்டரம்மா. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே பாட்டி ஏதோ கேட்டாள். பேத்தி பதில் சொன்னாள். பாட்டி முகமெல்லாம் மலர்ந்து, உள்ளே திரும்பி டாக்டரம்மாவுக்கு ஒரு சலாம் போட்டாள்.

"என்ன சொன்னாள் அந்தப் பெண்?" என்றேன் நண்பரிடம்.

"உங்களைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னாங்க, பாட்டி!"